பிறந்தது எங்கே, சறுக்கிப் பழகியது எங்கே

கனடாவின் எட்மன்டனில் சனிக்கிழமை இரவு ஏழு மணி என்றால் இங்கே காவேரிப்பட்டணத்தில் ஞாயிறு காலை ஏழரை. குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஞாயிறு காலை இப்படித்தான் விடியும். அக்கா வீட்டிலிருந்து வீடியோ கால் வரும், பின்னால் டிவியில் அந்த ஊர் அணியான ஆயிலர்ஸ் மேட்ச் ஓடும், அக்கா பையன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு ஐஸ் ஹாக்கி பேச ஆரம்பிப்பான். நானும் இப்போது நாலைந்து வருடமாக அவனோடு சேர்ந்து பார்த்துப் பார்த்து, ஆஃப்சைடு எது ஐசிங் எது என்று அம்மாவுக்கே விளக்குகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

போன மாதம் அவன் என்.எச்.எல். பற்றி, அதாவது கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்துகிற பெரிய ஐஸ் ஹாக்கி லீக் பற்றிக் கேட்டான்: "மாமா, ஜெர்மனியில பிறந்தவங்கள்ல என்.எச்.எல்.ல அதிகம் அடிச்சது டிரைசைட்டில்தானே?"

"அவர்தான்டா, வேற யாரு?"

"என் ஃப்ரெண்டு டேனி ஹீட்லின்னு சொல்றான். அவரும் ஜெர்மனியிலதான் பிறந்தாராம்."

தேடிப் பார்த்தேன். அந்தப் பையன் சொன்னதில் பாதி சரி. ஹீட்லி ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரத்தில் பிறந்தவர், அவருடைய அப்பா அங்கே ஹாக்கி ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. மொத்தம் 791 பாயிண்ட் எடுத்தார். கொலோன் நகரத்தில் பிறந்து அங்கேயே வளர்ந்த ஆயிலர்ஸ் வீரர் லியோன் டிரைசைட்டில் அதைத் தாண்டி எப்போதோ போய்விட்டார். ஆனால் சில வருடம் முன்னால் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் ஹீட்லி என்பதுதான் சரியான விடை. ஹீட்லி வளர்ந்தது கால்கரியில், ஆடியது கனடா அணிக்கு. ஜெர்மனிக்கும் அவர் ஆட்டத்துக்கும் பிறப்புச் சான்றிதழைத் தவிர வேறு சம்பந்தமே இல்லை. இருந்தும் ஜெர்மனிக்கு நேராக அவர் பெயர்தான் இத்தனை வருடம் இருந்திருக்கிறது.

இது எனக்கு மனசில் தங்கிவிட்டது. ஒரு நீள நோட்டு எடுத்து, நாடு, அந்த நாட்டில் பிறந்து என்.எச்.எல்.லில் அதிக பாயிண்ட் எடுத்தவரும் அவருடைய பாயிண்டும், அவர் பிறந்த ஊர் என்று மூன்று பத்தி பிரித்து எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்தபின் நாலாவதாக ஒரு பத்தி சேர்க்க வேண்டியதாகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஐஸ் ஹாக்கி பார்க்காதவர்களுக்காக. கோல் அடித்தவருக்கு ஒரு பாயிண்ட். அவருக்குப் பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கிற தட்டையான ரப்பர் வட்டு) தள்ளிக் கொடுத்தவருக்கும், அவருக்கு முன்னால் தொட்டவருக்கும் ஆளுக்கு ஒரு பாயிண்ட், அதுதான் அசிஸ்ட். ஆக ஒரு கோலுக்கு அதிகபட்சம் மூன்று பேருக்குப் பங்கு. கடைசியில் பக்கை உள்ளே தள்ளியவனுக்கு மட்டும் மாலை போடாமல், எடுத்துக் கொடுத்தவனுக்கும் அதே மதிப்பு கொடுக்கிற இந்த முறை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லீக் ஆட்டங்கள் மட்டும்தான் என் கணக்கு, பிளேஆஃப் சேர்க்கவில்லை.

அடுத்த கேள்வி, நாடு என்றால் எந்த நாடு? பிறந்த அன்று இருந்த நாடா, இன்றைக்கு அந்த ஊர் இருக்கிற நாடா? எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். எங்கள் தாத்தா பிறந்தபோது இந்த வீடு சேலம் மாவட்டம். 1965-ல் தர்மபுரியைத் தனியாகப் பிரித்தார்கள், அதனால் நானும் அக்காவும் பிறந்தது தர்மபுரி மாவட்டம். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆனது, அக்கா பையனுடைய சான்றிதழில் கிருஷ்ணகிரி. திண்ணை அதே திண்ணை, வேப்பமரம் அதே வேப்பமரம், மூன்று தலைமுறைக்கு மூன்று மாவட்டம். ஐரோப்பாவில் இதே கதை நாடுகளுக்கு நடந்திருக்கிறது. யாரோமிர் யாகர் 1972-ல் பிறந்தது செக்கோஸ்லோவாக்கியா, அவருடைய க்ளாட்னோ இப்போது செக் குடியரசில் இருக்கிறது. ஒவெச்கின் 1985-ல் பிறந்தது சோவியத் யூனியன். ஆன்ஷே கோபிதார் 1987-ல் பிறந்தது யுகோஸ்லாவியா. பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டால் லாட்வியா, லிதுவேனியா, உக்ரைன், கஜகஸ்தான் எல்லாம் சோவியத் என்ற ஒரே வரிக்குள் ஒவெச்கின் பெயருக்குப் பின்னால் மறைந்துவிடும், அது அநியாயம் என்று எனக்குப் பட்டது. அதனால் இன்றைய வரைபடம்தான்.

சரி, வரிசைக்கு வருவோம்.

முதல் இடம் கனடா, வேய்ன் கிரெட்ஸ்கி, 2,857. இதில் விவாதமே கிடையாது. 894 கோல், 1,963 அசிஸ்ட். கோல் எல்லாவற்றையும் அழித்துவிட்டு அசிஸ்டை மட்டும் எண்ணினாலும் உலகத்தில் வேறு யாரும் அவரை எட்டவில்லை. ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில் அவர் அப்பா வீட்டுக் கொல்லையில் தண்ணீர் விட்டு உறைய வைத்த தளத்தில் சறுக்கிப் பழகியவர். 1980-களில் கோல்கள் மழையாகக் கொட்டிய காலம், ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணியும் சேர்ந்து சராசரியாக எட்டு கோல் வரைக்கும் போனது, அதனால்தான் இவ்வளவு எண்ணிக்கை என்று சிலர் குறைத்துப் பேசுவார்கள். அதே மழையில் நனைந்த மற்றவர்கள் யாரும் ஒரே சீசனில் 215 எடுக்கவில்லையே.

கனடாவில் இரண்டாவது மூன்றாவது என்று இறங்கினால் மெஸ்ஸியர் 1,887, கோர்டி ஹவ் 1,850, ரான் பிரான்சிஸ் 1,798 என்று போய்க்கொண்டே இருக்கும். 1970-களின் தொடக்கம் வரை லீகில் ஏறத்தாழ எல்லோருமே கனடாவில் பிறந்தவர்கள்தான், இன்றைக்கோ பாதிக்கும் கீழே. எனவே நாட்டுவாரியாக மொத்தம் கூட்டினால் கனடா என்று ஒரு மலையும் மற்றவை எல்லாம் கல்லுமாகத்தான் தெரியும். அதனால்தான் நாட்டுக்கு ஒரே ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டேன். அப்படி வைத்தால்தான் சின்ன நாடுகள் கண்ணுக்குத் தெரிகின்றன.

இரண்டாவது செக் குடியரசு. யாகர், 1,921. கிரெட்ஸ்கிக்கு அடுத்தபடியாக உலகத்திலேயே இவர்தான். நடுவில் மூன்று சீசன் ரஷ்யாவுக்குப் போய் ஓம்ஸ்க் அணிக்கு ஆடிவிட்டு வந்தார், அந்த மூன்று வருடமும் இங்கேயே இருந்திருந்தால் 2,000 தாண்டியிருப்பார் என்பது என் உறுதியான நம்பிக்கை. அவர் முதுகில் போட்டுக்கொண்ட எண் 68. சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்த 1968-ஆம் ஆண்டின் நினைவாக. ஐம்பது வயதைத் தாண்டியும் சொந்த ஊர் க்ளாட்னோ அணிக்கு இறங்கி ஆடினார். பிறந்த ஊரும் பழகிய ஊரும் கடைசியில் திரும்பிப் போன ஊரும் ஒன்றாகவே இருக்கிற பாக்கியம் இந்த நோட்டில் எல்லோருக்கும் இல்லை.

மூன்றாவது ரஷ்யா, ஒவெச்கின், 1,600-ஐத் தாண்டியவர். ஆனால் பாயிண்டை விட்டுவிட்டுக் கோலை மட்டும் எண்ணினால் ரஷ்யா மேலே ஏறி கனடா இரண்டாவதாகிவிடுகிறது. 2025 ஏப்ரல் 6, எங்களுக்கு ஞாயிறு இரவு, நியூயார்க் ஐலண்டர்ஸ் அணிக்கு எதிராக அவர் 895-ஆவது கோலை அடித்ததை நானும் அக்கா பையனும் ஆளுக்கொரு கண்டத்தில் உட்கார்ந்து சேர்ந்து பார்த்தோம். அடித்த உடனே மனுஷன் பனித்தளத்தில் குப்புற விழுந்து நீச்சல் அடிப்பது மாதிரி சறுக்கினார். எதிரணி கோல்கீப்பர் இல்யா சொரோகின், அவரும் ரஷ்யர். கிரெட்ஸ்கி அரங்கத்திலேயே இருந்தார். இதில் இன்னொரு விஷயம், கிரெட்ஸ்கி ஆடியது மொத்தம் 1,487 ஆட்டம், ஒவெச்கின் அவரைத் தாண்டியதும் தன்னுடைய 1,487-ஆவது ஆட்டத்தில்தான். இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இதுவரை எல்லாம் ஒழுங்காகப் போனது. நாலாவது வரியில்தான் நோட்டு நின்றது.

நாலாவது ஸ்லோவாக்கியா. ஸ்டான் மிகிதா, 1,467 பாயிண்ட். ஐந்தாவது ஃபின்லாந்து, தீமு செலான்னே, 1,457. பத்தே பாயிண்ட் வித்தியாசம். செலான்னே ஹெல்சின்கியில் பிறந்து, அங்கேயே பழகி, வந்த முதல் சீசனிலேயே 76 கோல் அடித்தவர், அந்த அறிமுக சீசன் சாதனையை இன்றுவரை யாரும் தொடவில்லை. மிகிதா யார்? 1940-ல் சோகோல்சே என்ற ஸ்லோவாக்கிய கிராமத்தில் பிறந்தவர். 1948-ல், எட்டு வயதில், கனடாவில் இருந்த பிள்ளையில்லாத உறவுக்காரத் தம்பதி தத்து எடுத்துக் கூட்டிப் போய்விட்டார்கள். மிகிதா என்ற குடும்பப் பெயரே அவர்களுடையதுதான். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமல் ஒன்டாரியோவின் செயின்ட் கேத்தரின்ஸ் தெருவில் போய் நின்ற பையன், அந்தத் தெருப் பையன்களிடம்தான் ஹாக்கி மட்டையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டான். பிறகு இருபது வருடத்துக்கு மேல் சிகாகோவுக்கு மட்டுமே ஆடினார்.

அவர் பிறந்த சோகோல்சே இப்போது கிடையாது. 1970-களில் லிப்டோவ்ஸ்கா மாரா என்ற அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. இதைப் படித்த அன்று சாயங்காலம் நான் கே.ஆர்.பி. அணைப் பக்கம் வண்டியில் போய் ரொம்ப நேரம் நின்றிருந்தேன். தண்ணீருக்கு அடியில் இருக்கிற ஒரு ஊர்தான் என் வரிசையில் ஸ்லோவாக்கியாவை ஃபின்லாந்துக்கு மேலே தூக்கி வைத்திருக்கிறது என்று நினைக்க நினைக்க என்னவோ செய்தது.

மிகிதாவை அங்கிருந்து எடுத்துக் கனடா பக்கம் எழுதினால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். ஸ்லோவாக்கியாவுக்கு அடுத்த ஆள் பிராட்டிஸ்லாவாவில் பிறந்த பீட்டர் ஸ்டாஸ்னி, 1,239. அதை வைத்துக்கொண்டால் ஃபின்லாந்து மேலே வரும், அமெரிக்கா வரும் (மைக் மொடானோ 1,374, அவரோடு பேட்ரிக் கேன்), ஸ்வீடன் வரும் (மாட்ஸ் சுந்தீன், 1,349), ஸ்லோவேனியாவும் கோபிதாரை வைத்து மேலே வந்துவிடும். நாலாவது இடத்தில் இருந்த நாடு எட்டாவதுக்குப் போகிறது, எட்டு வயசுப் பையன் ஒருவன் கப்பல் ஏறியதை எப்படி எழுதுவது என்ற ஒரே ஒரு முடிவால். இந்தக் கணத்தில்தான் நாலாவது பத்தி சேர்த்தேன். மேலே 'சறுக்கிப் பழகிய இடம்' என்று எழுதினேன்.

அந்தப் பத்தியை நிரப்ப நிரப்பத்தான் உண்மையான சுவாரசியம். வட அயர்லாந்துக்கு நேராக ஓவன் நோலன், பெல்ஃபாஸ்டில் பிறந்தவர், 885 பாயிண்ட், 422 கோல். பழகிய இடம்: ஒன்டாரியோவின் தொரோல்ட். பராகுவேவுக்கு நேராக வில்லி பிளெட், அசுன்சியோனில் பிறந்தவர், 437 பாயிண்ட், 1977-ல் சிறந்த புதுமுகம் விருது வாங்கியவர். பழகிய இடம்: நயாகரா-ஆன்-த-லேக். வரைபடத்தில் பார்த்தால் தொரோல்ட், நயாகரா-ஆன்-த-லேக், மிகிதாவின் செயின்ட் கேத்தரின்ஸ் மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். இங்கே காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, பர்கூர் என்று பஸ்ஸில் போவது மாதிரி. ஸ்லோவாக்கியா, வட அயர்லாந்து, பராகுவே என்று மூன்று கொடிக்கு நேராக நிற்கிற மூன்று பேரும் ஒரே வட்டாரத்துப் பனியில் விழுந்து எழுந்தவர்கள்! இதை அக்கா பையனிடம் சொன்னபோது அவன் ஒரு நிமிஷம் பேசவே இல்லை, அப்புறம் மேப்பை எடுத்து அவனே பார்த்துவிட்டு "ஆமா மாமா, பக்கத்துலதான் இருக்கு" என்றான்.

பிறகு அப்பாக்களின் உத்தியோகம் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. பிரான்ஸுக்கு நேராக வருகிறவர் பால் மெக்லீன், 673 பாயிண்ட், 324 கோல். பிரெஞ்சுக்காரர் இல்லை. அவருடைய அப்பா கனடா விமானப்படையில் இருந்தார், பிரான்சின் கிரோஸ்டென்காவில் கனடாவுக்கு ஒரு விமானத்தளம் இருந்தது, பிள்ளை அங்கே பிறந்தது. தைவானுக்கு நேராக ராட் லாங்வே, தைபேயில் பிறந்த அமெரிக்க ராணுவ வீட்டுப் பிள்ளை, மாசசூசெட்ஸில் வளர்ந்தவர், 1983, 84 இரண்டு வருடமும் லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர். பிரேசிலில் ரெசிஃபே நகரத்தில் பிறந்த ராபின் ரெகர் மெனோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் மிஷனரி தம்பதியின் மகன், அவர் தம்பி ரிச்சி பிறந்தது இந்தோனேசியாவின் பாண்டுங், இரண்டு பேருமே கால்கரி அணிக்கு ஆடியிருக்கிறார்கள். ஒரே அம்மா வயிற்றுப் பிள்ளைகள், என் நோட்டில் இரண்டு தனித்தனி நாட்டுக்கு நேராக உட்கார்ந்திருக்கிறார்கள். புருனேயின் எண்ணெய் ஊர் செரியாவில் பிறந்த கிரெய்க் ஆடம்ஸ் இரண்டு அணிகளோடு என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை வாங்கியவர். இங்கிலாந்துக்கு நேராக ஸ்டீவ் தாமஸ், ஸ்டாக்போர்ட்டில் பிறந்தவர், 933 பாயிண்ட், ஆட்டம் முழுக்க ஒன்டாரியோவில் கற்றது. இவர்களை எல்லாம் வெட்டிவிட வேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. கிருஷ்ணகிரியில் வேலை பார்த்த வெளியூர் வாத்தியாருக்கு இங்கே பிறந்த பிள்ளை நாளைக்குப் பெரிய ஆளாக வந்தால், எங்கள் ஊரில் பிறந்தவர் என்று நாம் பேசாமலா இருப்போம்? பேசலாம். ஆனால் ஆட்டத்தைக் கற்றுக் கொடுத்தது நாம் என்று மட்டும் சொல்லக் கூடாது, அந்த இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி வேண்டும், அவ்வளவுதான் என் வாதம்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பிரெட் ஹல் பிறந்தது ஒன்டாரியோவின் பெல்வில், அம்மா வழியில் அமெரிக்கக் குடியுரிமை, ஆடியது அமெரிக்காவுக்கு. 741 கோல், 1,391 பாயிண்ட். அமெரிக்க அணியின் சட்டையை வைத்து எண்ணினால் மொடானோவைவிட மேலே, பிறந்த இடத்தை வைத்து எண்ணினால் கனடாக்காரர்களின் நீண்ட வரிசையில் நடுவில் எங்கேயோ. ஸ்டாஸ்னி வீட்டுக் கதை இன்னும் நீளம். பீட்டர் ஸ்டாஸ்னி 1980-ல் தன் தம்பியோடு செக்கோஸ்லோவாக்கியாவை விட்டுத் தப்பி கியூபெக் போனவர். போகும்போது வயது 23, அந்த வயதில் ஆரம்பித்தும் 1980-களில் கிரெட்ஸ்கிக்கு அடுத்தபடி அதிக பாயிண்ட் எடுத்தவர் அவர்தான். அவர் ஒருவரே செக்கோஸ்லோவாக்கியா, கனடா, ஸ்லோவாக்கியா என்று மூன்று நாட்டுச் சட்டை போட்டிருக்கிறார். அவருடைய மகன் பால் கியூபெக்கில் பிறந்து, அமெரிக்காவுக்கு ஆடி, 800 பாயிண்டுக்கு மேல் எடுத்தார். அப்பா ஸ்லோவாக்கியா வரியில், மகன் கனடா வரியில், மகன் போட்ட சட்டை அமெரிக்கா. பீட்டர் போந்த்ராவையும் சொல்ல வேண்டும், 503 கோல் அடித்தவர், ஆடியது ஸ்லோவாக்கியாவுக்கு, ஆனால் பிறந்தது லுட்ஸ்க். அதனால் உக்ரைனுக்கு நேராக அவர் பெயர்தான், 892 பாயிண்ட்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போவதால் பிறந்த இடத்துக்கு அர்த்தமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றாவது பத்தியும் நாலாவது பத்தியும் ஒன்றாகவே இருக்கிற வரிகளைத்தான் நான் அடிக்கடி புரட்டிப் பார்க்கிறேன். கோபிதார் பிறந்தது யெசெனிட்சே, உருக்காலை ஊர். ஸ்லோவேனியாவின் மொத்த ஜனத்தொகை சுமார் 21 லட்சம். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் மட்டும் 2011 கணக்கில் 18.8 லட்சம். ஏறக்குறைய ஒரு மாவட்ட அளவு நாட்டிலிருந்து, ஹாக்கி ஆடிய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்து, லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய், இரண்டு கோப்பை வாங்கி, அந்த அணிக்கே கேப்டனாகி, வேறு அணிக்குப் போகாமல் 1,200 பாயிண்டுக்கு மேல் எடுத்திருக்கிறார். அவருக்கு முன்னால் அந்த நாட்டிலிருந்து என்.எச்.எல்.லில் ஆடியவரே கிடையாது. நாட்டின் ஜனத்தொகையால் வகுத்து ஒரு வரிசை போட்டால் கோபிதார்தான் எல்லோருக்கும் மேலே நிற்பார் என்று நினைக்கிறேன், அந்த வரிசைதான் எனக்கு மிகவும் பிடித்ததும்கூட.

லிதுவேனியாவில் எலெக்ட்ரெனாய் என்று ஒரு ஊர், அனல்மின் நிலையத்துக்காகவே கட்டிய சின்ன டவுன்ஷிப். அங்கிருந்து டைனியஸ் ஸூப்ரஸ், 591 பாயிண்ட், 1,293 ஆட்டம். தடுப்பாட்டக்காரர் காஸ்பரைட்டிஸும் அதே ஊர்தான். ஸ்வீடனில் ஓர்ன்ஷெல்ட்ஸ்விக் என்று கடலோரத்தில் சுமார் 30,000 பேர் இருக்கிற ஊர், பாலக்கோடு மாதிரி ஒரு டவுன். மோடோ என்ற ஒரே ஒரு கிளப். பீட்டர் ஃபோர்ஸ்பெர்க் அந்த ஊர், மார்க்கஸ் நாஸ்லுண்ட் அந்த ஊர், ஹென்ரிக் செதீன், டேனியல் செதீன் இரட்டையர்கள் அந்த ஊர். இரட்டையர்கள் ஆளுக்கு ஆயிரம் பாயிண்டுக்கு மேல், 2010-ல் லீகிலேயே அதிக பாயிண்ட் எடுத்தது அண்ணன், 2011-ல் தம்பி. ஒரு நல்ல தளமும், விடாமல் பயிற்சி கொடுக்கிற நாலு பேரும் இருந்தால் 30,000 பேர் இருக்கிற ஊர் என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பாலைவனத்திலும் நடந்திருக்கிறது. 2023-24-ல் 69 கோல் அடித்த ஆஸ்டன் மேத்யூஸ் சறுக்கிப் பழகியது அரிசோனாவில், தர்மபுரி வெயிலெல்லாம் அந்த வெயிலுக்கு முன்னால் ஒன்றுமில்லை.

ஆஸ்திரியா (தாமஸ் வானெக், 789), லாட்வியா (சாண்டிஸ் ஓசோலின்ஷ், 564, அதுவும் தடுப்பாட்டக்காரர்), கஜகஸ்தான் (நிக் ஆன்ட்ரோபோவ், 465), போலந்து (செர்காவ்ஸ்கி, 435), தென் கொரியா (சியோலில் பிறந்த ரிச்சர்ட் பார்க், 241) இவர்களைப் பற்றித் தனித்தனியாக எழுத ஆசை, இன்னொரு நாள் பார்க்கலாம்.

என் வரிசையில் வராமல் போனவர்கள்தான் எனக்கு வருத்தம். வலேரி கர்லாமோவ் ஒரு என்.எச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை, சோவியத் விடவில்லை, 1981-ல் கார் விபத்தில் போய்விட்டார். செர்கேய் மகாரோவ் 1989-ல் வந்து சேர்ந்தபோது வயது 31, வந்த முதல் வருடமே சிறந்த புதுமுகம் விருதை வாங்கினார், அதற்குப் பிறகு அந்த விருதுக்கு 26 வயது என்று வரம்பே வைத்தார்கள். இருபது வயதில் அவர்களை விட்டிருந்தால் ரஷ்யா வரி எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. எல்லைக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதும் இந்த எண்களுக்குள்ளே இருக்கிறது, அதற்குத் தனிப் பத்தி போட எனக்கு வழி தெரியவில்லை.

இந்தியாவைப் பற்றியும் அக்கா பையன் கேட்டான். 1989-ல் வாஷிங்டனுக்கு ஆடிய ராபின் பாவாதான் என்.எச்.எல்.லில் ஆடிய முதல் பஞ்சாபி வம்சாவளிக்காரர், பிறந்தது பிரிட்டிஷ் கொலம்பியாவின் டங்கன். மேனி மல்ஹோத்ரா பிறந்தது மிசிசாகா, ஜுஜார் கைரா பிறந்தது சர்ரே. மூன்று பேரும் கனடா வரிக்குள்தான் போகிறார்கள், அது சரியும்கூட, அவர்களுக்கு ஆட்டத்தைக் கொடுத்த மண் அது. பஞ்சாபியில் என்.எச்.எல். வர்ணனை 2008-லிருந்து வருகிறது, அக்கா வீட்டில் சில நாள் அதைத்தான் போடுகிறார்கள், மொழி புரியாவிட்டாலும் அந்த வேகம் நம் ஊர் வேகம் என்று அக்கா சொல்வாள். இந்தப் பக்கம் லடாக்கில் உறைந்த குளத்தில் ஆடிப் பழகிய பெண்கள் 2025-ல் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கி வந்தார்கள். அந்தப் பெண்களில் யாருடைய பெயரும் என்.எச்.எல். கணக்குக்குள் வராது, ஆனால் அவர்களுக்கு என் நோட்டில் மூன்றாவது பத்தியும் நாலாவது பத்தியும் ஒன்றே.

அக்கா பையன் பிறந்தது கிருஷ்ணகிரியில். அத்தான் முதலில் தனியாகத்தான் கனடா போனார், தலைப்பிரசவம் என்பதால் அக்கா அம்மா வீட்டில் இருந்தாள், பையனுக்கு ஒன்றரை வயது ஆன பிறகுதான் கிளம்பினார்கள். விமானத்துக்குப் போகிற அன்று பெங்களூர் வரைக்கும் என் மடியில்தான் தூங்கிக்கொண்டு வந்தான்.

"நான் ஆடினா என்னை எந்த நாட்டுல எழுதுவீங்க மாமா?" என்று போன ஞாயிறு கேட்டான்.

"மூணாவதுல கிருஷ்ணகிரி, நாலாவதுல எட்மன்டன்."

"கிருஷ்ணகிரின்னா எழுதுவாங்க? இந்தியான்னுதானே எழுதுவாங்க?"

"அங்க பிறந்த ஊரையும் போடுவாங்கடா. க்ளாட்னோ போட்டிருக்காங்க, எலெக்ட்ரெனாய் போட்டிருக்காங்க."

அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கிருஷ்ணகிரியை ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டிச் சொல்லிப் பார்த்தான். அங்கே வெளியே மைனஸ் 22 டிகிரி, மறுநாள் காலை ஆறு மணிக்கு அவனுக்குப் பயிற்சி. இங்கே தோட்டத்தில் மாமரங்கள் பூ எடுக்க ஆரம்பித்திருந்தன. கால் முடிகிற நேரத்தில் டிவியில் டிரைசைட்டில் ஒரு கோல் அடித்தார், நான் நோட்டை எடுத்து ஜெர்மனி வரியைத் திருத்தினேன்.